விடைபெறும் வகுப்பின் சிரிப்பு

பிரிவு என்றதும் கண்ணீரை நினைப்பது தமிழ் மக்களின் நெடுநாளைய வழக்கம். பழந்தமிழ்ப் புலவர் பிரிவுக்கென ஒரு திணை வகுத்தபோது, வெயிலிற் காய்ந்த பாலை நிலத்தையே அதற்கு உரியதாக்கினர். ஆனால், பாடசாலை வாழ்வை முடித்துக்கொண்டு புறப்படும் இளைஞர் கூட்டம் இந்த இலக்கணத்துக்கு அடங்குவதில்லை. அங்கே கண்ணீருக்கு முன்னே சிரிப்பு வந்து இடம் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சிரிப்பைச் சற்றே செவிகொடுத்துக் கேட்போமாயின், அது வெறும் விளையாட்டு அன்று என்பது புலப்படும்.

ஊவா மாகாணத்தின் தலைநகர் பதுளை. 1924ஆம் ஆண்டிலே இங்கு வந்து சேர்ந்த மலைநாட்டுப் புகையிரதப் பாதை இந்நகரோடு முடிந்துவிடுகிறது. பாதை முடிந்தாலும் தேயிலை மலைகள் முடிவதில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என அவை தொடர்ந்துகொண்டே செல்கின்றன. மறுபுறத்தில் ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்தும் தோட்டங்களே. இத்தோட்டங்களின் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, லயத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, வீதியோரத்திலே பஸ்ஸுக்குக் காத்து நின்று நகரத்துத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு வருகின்றனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில், அப்பாடசாலைகளிலே பிரியாவிடை வைபவம் நடைபெறும். கீழ்வகுப்பு மாணவர் காசு சேர்த்து வடையும் கேக்கும் தேநீரும் கொடுப்பார்கள். குழுப்படம் எடுக்கப்படும். ஓட்டோகிராப் ஏடுகள் கைக்குக் கை மாறும்.

அதன் பின்னரே சோதிடம் ஆரம்பமாகும். இருபது ஆண்டுகளின் பின் யார் யார் எவ்வாறு இருப்பார்கள் என்று நண்பர்கள் பலன் சொல்வார்கள். நாள் தவறாமற் பிந்தி வருபவர் போக்குவரத்து அமைச்சர் ஆகிறார். பதவியேற்பு வைபவத்துக்கு அவர் ஒருவரே இன்னும் வந்து சேரவில்லை. பாடவேளையிற் கண்ணயர்பவர் தொழிற்சாலையின் இரவுக் காவலாளர் ஆகிறார். தேயிலைத் தூளோடு அவரையும் மூட்டை கட்டிக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஓயாது பேசுபவர் வானொலி அறிவிப்பாளர் ஆகிறார். அவருக்குப் பின் செய்தி வாசிக்க வேண்டியவர் இன்னமும் கதவுக்கு வெளியே நிற்கிறார். ஓட்டோகிராப் ஏட்டிலோ, “நீ பெரிய மனிதனாவது நிச்சயம், அதற்கு முன் என் பொருளியற் கொப்பியைத் திருப்பித் தந்துவிடு” என்ற பாணியில் வாழ்த்துகள் எழுதப்படும்.

இது இங்கு மட்டும் உள்ள வழக்கமன்று. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளிலே வகுப்பின் வருங்காலத்தை நகைச்சுவையாகக் கூறும் தீர்க்கதரிசனங்களும், கீழ்வகுப்பாருக்குச் சொத்து எழுதி வைக்கும் போலி உயில்களும் ஆண்டு மலர்களில் அச்சேறி வந்திருக்கின்றன. நமது மலைநாட்டுப் பிள்ளைகள் உயில் எழுதினால், ஒழுகும் கூரையின் கீழுள்ள வாங்கும், பூட்டில்லாத அலுமாரியுமே அதில் இடம்பெறும். பரிகாசத்தினுள்ளே உண்மையை வைப்பது தமிழுக்கும் பழைய கலை. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய ஆயுதங்கள் புதுமெருகு குலையாமல் இருப்பதைப் புகழ்வது போலப் புகழ்ந்து, அவை போர்க்களம் காணாதவை என்பதை உணர்த்திய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. பிரியாவிடை நாளின் பகிடிகளையும் அவ்வாறே கேட்டல் வேண்டும்.

ஒருவருடைய எதிர்காலத்தைக் குறித்துப் பகிடி பண்ணுவதற்கு முதலில் ஒன்று தேவை: அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்காலம் இருத்தல் வேண்டும். நாளை என்ன ஆகும் என்பது முன்பே முடிந்த விடயமாயின் அங்கே சோதிடத்துக்கும் வேலையில்லை, சிரிப்புக்கும் வேலையில்லை. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் தோட்டங்களுக்கு வரத் தொடங்கி 200 ஆண்டுகள் ஆனதை மலையக மக்கள் 2023ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தனர். அந்த நெடிய காலத்தின் பெரும்பகுதியில், தோட்டத்துப் பிள்ளையின் எதிர்காலம் ‘செக்ரோல்’ என்னும் பெயர்ப் பதிவேட்டிலே எழுதப்பட்டிருந்தது. தாயின் பெயர் இருந்த ஏட்டிலே மகளின் பெயரும் ஏறும். அவ்வளவே.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மேற் சுமத்தியது. ஆனால், அப்பாடசாலைகளிற் பல ஒரே மண்டபமும் ஓர் ஆசிரியருமாகவே இருந்தன. ஐந்தாம் வகுப்புக்கு மேலே செல்லவில்லை. 1945ஆம் ஆண்டிலே நாட்டுக்கு இலவசக் கல்வி கிடைத்தபோதும் அதன் முழுப் பயன் மலைக்கு ஏறி வரவில்லை. 1970களின் இறுதியிலிருந்தே தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்தன.

இதற்கிடையில் வேறொரு வகைப் பிரியாவிடையையும் இம்மலைகள் கண்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் இம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டின் உடன்பாட்டினாற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அக்காலத்திலே மலைநாட்டு நிலையங்களிற் கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போனவர்களுள் பள்ளிப் பிள்ளைகளும் பலர். அவர்களுக்கு ஓட்டோகிராப் எழுதுவார் இல்லை. இருபது ஆண்டுகளின் பின் எங்கிருப்பார்கள் என்று பகிடியாகக் கூறும் துணிவும் எவருக்கும் இருக்கவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆகவே, இன்றைய மாணவர் ஒருவரை ஒருவர் அமைச்சராகவும் அறிவிப்பாளராகவும் ஆக்கிச் சிரிப்பது அவர்களுடைய பாட்டன்மாருக்குக் கிட்டாத செல்வமாகும்.

எனினும், அச்சிரிப்பிலே கசப்பும் கலந்திருக்கிறது. பதுளைப் பகுதியில் இத்தகைய வைபவம் ஒன்றிலே விடைபெறும் மாணவர் தலைவன் பேசினான். தேயிலைத் தொழிற்சாலையையும் பாடசாலையையும் ஒப்பிட்டு அவன் சொன்னது இது: “ஆறாம் வகுப்பிலே கொழுந்தாக வந்தோம். கணித பாடத்தில் வாட்டப்பட்டோம். விஞ்ஞானத்தில் உருட்டப்பட்டோம். வரலாற்றுப் பாடத்தில் நொதித்தோம். சாதாரண தரப் பரீட்சையில் உலர்ந்தோம். இனிப் பரீட்சைத் திணைக்களம் எங்களைச் சலித்துத் தரம் பிரிக்கும். நல்ல தூள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகும். மிஞ்சிய தூள் வழக்கம்போலத் தோட்டத்திலேயே இருக்கும்.” மண்டபம் அதிரச் சிரித்தது.

பின்வரிசையில் ஒரு தந்தை இருந்தார். அவர் தொழிற்சாலையிலே சலிக்கும் பகுதியில் வேலை செய்பவர். சிரிப்பு அடங்கியதும் எழுந்து, “தம்பி, தூளு மேல குத்தம் சொல்லாதீங்க. சல்லடைக் கண்ணு எந்த அளவோ, அந்த அளவுக்குத்தான் தூளு விழும்” என்று கூறிவிட்டு உட்கார்ந்தார். அவருடைய சொல்லுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்த இரு பேச்சுக்களையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நண்பர்கள் வழங்கும் எதிர்காலங்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் அந்த மாணவர் தோட்டத்தை விட்டுப் போய்விடுகிறார். தோட்டத்திலேயே இருந்து உயர்ந்தார் என்ற சோதிடம் அரிது. இருத்தல் என்றால் தோல்வி, போதல் என்றால் வெற்றி என்று பிள்ளைகள் முடிவு செய்துகொண்டார்கள் போலும். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பலனோ இன்னும் குறுகியது. வகுப்பிலே முதலாவதாக வந்தவளுக்கும் கல்யாணமும் மாமியார் சண்டையுமே நண்பர்களின் கற்பனையிற் கிடைக்கின்றன. கொழுந்துக் கூடையைச் சுமந்து மகளைப் படிப்பித்த தாய் அப்பகிடியைக் கேட்டு எவ்வாறு சிரிப்பாள்?

சல்லடைக் கண் என்று அத்தந்தை குறித்ததும் கற்பனையன்று. பதுளை மாவட்டமும் மொனராகலை மாவட்டமும் கல்வி வசதியிற் பின்தங்கியவையெனப் பல்கலைக்கழக அனுமதிக்கு வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் அடங்கும். ஆயினும், அந்தச் சலுகையைப் பெறுவதற்கு முதலில் உயர்தர விஞ்ஞான வகுப்பும், அதைக் கற்பிக்க ஆசிரியரும் இருத்தல் வேண்டும். தோட்டப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளுள் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை உடையவை சிலவே. ஆகையால், விருப்பம் எதுவாயினும் கலைப் பிரிவிலே சேர்பவர் பலர். கலைக் கல்வி தாழ்ந்ததன்று. வேறு கதவு திறவாமையால் அதனுள்ளே நுழைவதே வருத்தத்துக்குரியது.

பதுளை நகரத்திலிருந்து பசறை செல்லும் வீதியிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. அங்கே தேயிலைத் தொழினுட்பம் ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஜூலை முதற் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு எவ்வாறு உலகம் போற்றும் மணத்தைக் கொடுக்கிறது என்பதையும் அங்கே அறிவியலாக ஆராயலாம். அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து நாள்தோறும் பஸ்ஸிற் செல்லும் தோட்டத்து மாணவி, தன் தாய் கிள்ளும் கொழுந்தைப் பற்றிய அந்தப் பட்டத்தைப் பெறுவதற்கு, அவளுடைய பாடசாலையில் உயிரியலும் இரசாயனவியலும் கற்பிக்கப்படுதல் வேண்டும். அவள் பட்டம் பெற்றுத் திரும்பித் தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் பொறுப்பாளராக வரும் நாளைப் பற்றி எந்த நண்பி பகிடியாக எழுதியிருக்கிறாள்? அந்தப் பகிடி எழுதப்படும் காலம் வருதல் வேண்டும்.

இதைக் கேட்கும் பெற்றோர் ஓர் எளிய காரியம் செய்யலாம். உயர்தர வகுப்பிற் படிக்கும் பிள்ளை அந்த ஏட்டை வீட்டுக்குக் கொண்டு வரும்போது, அனுமதி கேட்டு வாசித்துப் பாருங்கள். நண்பர்கள் உங்கள் பிள்ளைக்கு எந்தெந்த வாழ்வை அளித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவற்றுள் பிள்ளை உள்ளூர விரும்புவது எது என்று கேளுங்கள். பிறகு, எந்த வாழ்வு அங்கே எழுதப்படவே இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்கள் அதையே வகுப்பில் ஒரு பாடமாக வைத்துப் பேசலாம்.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. சாதாரண தரத்தோடும் அதற்கு முன்பும் படிப்பை நிறுத்தி, கொழும்பிலே கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் அவர்கள். ஆறாம் வகுப்பிலே அதே வாங்கில் அமர்ந்திருந்தவர்கள். அவர்களுக்கு எவரும் பிரியாவிடை நடத்தவில்லை. எவரும் பலன் சொல்லவில்லை. விடைபெறும் வகுப்பினர் குழுப்படத்துக்கு நிற்கும்போது, தம்மோடு தொடங்கியவர்கள் எத்தனை பேர், இன்று வரிசையிலே நிற்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாயின், அதன் பிறகு சிரிக்கும் சிரிப்புக்குப் பொருள் இன்னும் மிகும்.