கொல்லிமலையும் குப்பைமேடும்



நான் அரியமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவன். இயற்கை எங்களூருக்கு மலை ஒன்றும் அளிக்கவில்லை. மனிதர்களே ஒன்றை எழுப்பினார்கள். திருச்சிராப்பள்ளி மாநகரம் பல்லாண்டுகளாகத் தன் குப்பையைக் கொட்டியதனால் எழுந்த மேடு அது. நகரத்தார் தம் கழிவை எம் தலையில் சுமத்தினரே என்று நான் நொந்துகொள்ளாத நாள் இல்லை.

அத்தகைய நான், உண்மையான மலையொன்றைக் கண்டுவர விரும்பிக் கொல்லிமலைக்குப் புறப்பட்டேன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. நானோ துறையூர்ப் பக்கமுள்ள புளியஞ்சோலையிலிருந்து நடந்து ஏறும் காட்டுவழியை விரும்பினேன். வனத்துறையினரின் அனுமதி பெற்று, மலைவாழ் முதியவர் ஒருவரைத் துணைக்கொண்டு ஏறலானேன்.

வழியெங்கும் அய்யாற்றின் ஓசை எங்களைத் தொடர்ந்தது. பாறைகளைப் பற்றியும் வேர்களில் கால் ஊன்றியும் ஏறி, ஆகாய கங்கை அருவியை அடைந்தோம். ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்று நீர் வீழ்ந்துகொண்டிருந்தது.

"மழை ஓய்ந்து பல நாளாயிற்றே, இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது?" என்று வினவினேன்.

முதியவர் மரத்தடியிலிருந்த சருகுகளை விலக்கிக் காட்டினார். அடியில் மண் ஈரமாக இருந்தது. மழையின் வேகத்தை இலைகள் தணிக்கின்றன. மக்கிய சருகும் வேர்களும் நீரை மண்ணுள் இறக்குகின்றன. அந்நீர் சிறிது சிறிதாகக் கசிந்து ஓடைகளாகி ஆற்றை வளர்க்கிறது. நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்து அளந்து எடுப்பதுபோல், காடு நீரைச் சேர்த்து வைத்து அளந்து தருகிறது.

பசி தீர்ந்தபின், தின்பண்டம் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை எண்ணாமலே கீழே போட்டேன். முதியவர் அதை எடுத்துத் தம் மடியில் செருகிக்கொண்டார்.

"ஐயா, இந்தத் தண்ணீர் உங்கள் பக்கந்தானே வருகிறது?" என்றார். அவர் குரலில் சினம் இல்லை.

நான் நாணித் தலைகுனிந்தேன். அய்யாறு சமவெளியில் இறங்கிக் காவிரியோடு கலக்கிறது. எங்கள் நகரம் பருகுவது அந்தக் காவிரி நீரையே. அதுமட்டுமன்று, எம்மூருக்குப் பிறர் செய்ததாக நான் நொந்த அதே தீங்கினை, அம்முதியவரின் ஊருக்கு நானே செய்துவிட்டேன்.

மாணவ நண்பர்களே, மலையேறுங்கள். காட்டைக் கண்குளிரக் காணுங்கள். கொண்டுசென்ற பொருளனைத்தையும், அது வெறும் உறையே ஆயினும், திரும்பக் கொண்டுவாருங்கள். என் குப்பையை அம்முதியவர் தம் மடியில் சுமந்தாரே, அந்த நிலை உங்களால் எவருக்கும் நேர வேண்டா.