திரும்பிப் போய்ச் சொன்னீங்களா?



கள ஆய்வுப் பயிற்சிக்குக் கிளம்புறீங்க. அதனால சென்னைக் கடற்கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடல் ஆமைகளைக் காப்பாற்ற இங்கே மாணவர்கள் 1988-இல் ஒரு அமைப்பைத் தொடங்கினாங்க. இன்றும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடக்கிறாங்க. பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைக் கண்டுபிடித்து, வனத்துறை அனுமதியோடு முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுறாங்க. (அனுமதி இல்லாம நீங்க தொட்டுடாதீங்க, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு!) செத்து ஒதுங்கும் ஆமைகளையும் குறிச்சு வைக்கிறாங்க. அப்படிப் பல வருஷக் கணக்கு இருந்தாத்தான், 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கினது வழக்கத்துக்கு மாறானதுன்னு சொல்ல முடியும்.

இழுவலையில் சிக்குற ஆமை மேலே வந்து மூச்சு விட முடியாம சாகுது. அதுக்காக மீனவர்கிட்ட குற்றவாளியை விசாரிக்கிற மாதிரி பேசாதீங்க. நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச பிறகு கேள்வித்தாள் தயார் பண்ணுங்க.

நானும் இதழியல் படிக்கும்போது ஒரு குப்பத்தில் வீடு வீடா கேள்வி கேட்டேன். மதிப்பெண் வந்துச்சு. அறிக்கையை அங்கே கொண்டுபோகவே இல்ல. அடுத்த வருஷம் என் ஜூனியர் போனப்போ ஒரு அக்கா, "போன தடவை வந்த பொண்ணு என்ன எழுதுச்சுன்னு சொல்லு தம்பி, அப்புறம் கேளு"ன்னாங்க.

அந்தப் பொண்ணு நான்தான்.

அறிக்கை கொடுக்கிற தேதியைக் குறிக்கும்போதே, ஊரில் படிச்சுக் காட்டுற தேதியையும் குறிச்சுடுங்க. தமிழில் இரண்டு பக்கம் போதும்.