குயவரிடம் சொன்ன அளவு



புறநானூற்றின் 256 ஆவது பாட்டை உங்களிற் பலர் அறிவீர்கள். பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கணவனோடு நெடுவழி நடந்து வந்த ஒருத்தி, அவனை இழந்த பின் குயவரிடம் தாழி செய்யச் சொல்கிறாள். தானும் அதனுள் அடங்க வேண்டும், ஆகவே அகலமாகச் செய்யும்படி கேட்கிறாள். முதுபாலை என்று துறை வகுத்திருக்கிறார்கள். ஒரு குயவரிடம் கொடுத்த ஓடராகவும் அதை வாசிக்கலாம் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கிற்று. விளங்க வைத்தது ஒரு சவரக் கிண்ணம்.

தன்னாமுனையில் எங்கள் வீட்டுப் பின்வளவு வாவியைத் தொடும். பாரிசவாதம் வந்து அப்பாவின் இடக்கை சோர்ந்த பிறகும், வலக்கையால் தானே சேவ் எடுப்பதை அவர் விடவில்லை. கத்தி பிடிக்க ஒரு கை போதும். நுரை அடிக்கத்தான் இரண்டு கை வேண்டும். பிறஷைச் சுழற்றச் சுழற்ற எவர்சில்வர்க் குவளை மேசையில் ஓடியது. பிளாஸ்ரிக் கோப்பை கவிழ்ந்தே விட்டது. நான் சேவ் எடுத்துவிடக் கேட்டேன். "எனக்கு நீ சேவ் எடுக்க வேணாம். இந்தக் கோப்பை ஓடாம நிண்டாப் போதும்" என்றார்.

வாவிக்கு அப்பால் படுவான்கரையில் எனக்குத் தெரிந்த முதிய குயவர் ஒருவர் இருந்தார். எங்கள் வளவுக் கரை மண்ணிலேயே கிண்ணம் அமையட்டும் என்ற ஆசையில் ஒரு பை சேறும் கொண்டு போனேன். அவர் அதை விரலிடையில் தேய்த்தார். சிப்பித் தூள் நெருநெருத்தது. "சுண்ணாம்பு வேணுமெண்டா இதச் சுடுங்க தம்பி. சட்டி வேணுமெண்டா வேற மண் பாப்பம்" என்றார். உண்மைதான். 850 பாகை செல்சியஸை அண்மிய சூட்டில் சிப்பி நீறாகும். சுட்ட பின்னர் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, நல்ல சட்டியின் சுவரையும் பொரித்துத் தள்ளிவிடும். சேறு வாவிக்கே திரும்பியது.

நான் படமொன்றும் வரைந்து வைத்திருந்தேன். ஐரோப்பிய நாவிதரின் பழைய வட்டில்களில் விளிம்பு அகன்று, கழுத்தில் பொருந்த ஒரு பிறை வெட்டு இருக்கும். ஜப்பானின் அரிட்டாவில் ஒல்லாந்த வணிகருக்காக வனைந்த பீங்கான்களிலும் அதைக் காணலாம். 1605 இல் வெளிவந்த செர்வாண்டிஸின் நாவலில், டொன் குவிக்சோட் பொற்கவசமென்று தலையில் கவிழ்த்துக்கொள்வது அத்தகைய பித்தளை வட்டிலைத்தான். குயவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் பிறையை விடவில்லை. "கழுத்துக்கு வேணாம். பிறஷ் படுக்க ஒரு இடமாகட்டும்" என்றார்.

பிடி வைக்கச் சொன்னேன். மறுத்தார். மண்பிடி ஒட்டிய இடத்திலே உடையும் என்பது ஒன்று. மற்றதைச் சற்று நேரம் கழித்தே சொன்னார்: "பிடி இருந்தா அவருக்குத் தூக்கத் தோணும் தம்பி." அதுவரை நான் கிண்ணத்தைத்தான் நினைத்திருந்தேன். அவர் அந்த இடக்கையை நினைத்திருக்கிறார்.

அடி தடித்து அகன்றிருக்க வேண்டும், நுரை சிந்தாமல் வாய் சற்று உள்வளைய வேண்டும் என்பவற்றில் இருவருக்கும் பிணக்கில்லை. உள் அடியில் விரல் ஓடிய வளையங்களை வழக்கம்போல் வழித்துவிடாமல் விடச் சொன்னேன். பிறஷ் அதில் உரசினால் நுரை விரைந்து எழும். மயிர் தேயாதிருக்க அவற்றின் முனையை மட்டும் ஈரத்துணியால் மழுக்கினார்.

உண்மையான சிக்கல் மண்ணின் தாகம். மட்டக்களப்புத் தயிர் சட்டியில் இறுகுவது, சட்டி அதன் நீரை உறிஞ்சுவதாலுந்தான். தயிருக்கு வாய்ப்பான அந்தக் குணம் நுரைக்குப் பகை. நுரை காய்ந்துவிடும். கண்ணாடிப் பூச்சு இடலாமே என்று நகரத்து நண்பர் சொன்னார். குறைந்த சூட்டில் உருகுவதற்காகப் பழைய பூச்சுகளிற் பலவற்றில் ஈயம் சேர்ப்பார்கள், அதை முகத்துக்கு அருகே கொண்டுவர எனக்கு மனமில்லை. பூச்சில்லாமலே நீர் புகாதபடி மண்ணை இறுக்குவதற்கு 1200 பாகை அளவில் சூடு வேண்டும், அவருடைய சூளை அதற்கானதல்ல. ஆகவே உட்சுவரை அரைக்காய்ச்சலில் கூழாங்கல்லால் மினுக்குவது, பாவிக்குமுன் கிண்ணத்தைத் தண்ணீரில் ஊறவைப்பது என்று முடிவாயிற்று. ஊறிய கிண்ணம் பாரமும் கூடும், இன்னும் அசையாது. நுரை குளிர்ந்துபோகுமே என்றேன். நம்மூர் வெயிலுக்கு அது குறையா என்று கேட்டார்.

வாய் 5 அங்குலம் என்று அளவு சொன்னேன். அவர் ஐந்தரைக்கு மேல் வனைந்தார். காயும்போதும் வேகும்போதும் மண் பத்தில் ஒரு பங்களவு சுருங்குமாம். அப்போதுதான் அந்தப் புறப்பாட்டு நினைவில் வந்தது. அவள் கேட்ட அகலத்திலும் பெரிதாகத்தான் அந்தக் குயவரும் சக்கரத்தில் மண்ணை விரித்திருக்க வேண்டும்.

மூன்று வனைந்தார். ஒன்று சூளையில் வெடித்தது. ஒன்றில் பிறை கோணிற்று. மூன்றாவதை ஈரத்துணியின்மேல் வைத்து அப்பாவின் முன் நகர்த்தினேன். பிறஷைச் சுழற்றினார். கிண்ணம் நின்றது. நுரை எழுந்து வாய்வரை வந்தது. வலக்கன்னம் முடித்தார், நாடி முடித்தார். இடத்தாடையின் கீழ் கத்தி எட்டவில்லை. பிறஷைப் பிறையில் படுக்க வைத்துவிட்டுக் கத்தியை என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பக்கம் மட்டும் நீ பார், மகன்."