பூக்கேட்டலும் திருவுளமும்

திருக்கோயில்களில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சந்நிதியில் வைத்து, குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வர். வேண்டிய பூ வாராதபோது, "குழந்தை சரியாக வேண்டிக்கொள்ளவில்லை" என்று மறுபடியும் பொட்டலங்களைக் குலுக்குவோர் உளர். மூன்றாம் முறை வெள்ளைப் பூ வந்தால், ஆண்டவன் உத்தரவு கிடைத்துவிட்டதென மகிழ்ந்து செல்வர். உத்தரவு கொடுத்தது யார்? மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து கேட்பவருக்குச் சிவப்புப் பூ எதற்கு?

இக்குறை எளியோரிடம் மட்டும் காணப்படுவதன்று. தம்பிரான் தோழரான சுந்தரர் வரலாற்றைப் பெரிய புராணம் ஒளிக்காமல் உரைக்கின்றது. திருவொற்றியூரில் பூத்தொடுக்கும் தொண்டு செய்த சங்கிலியாரை மணக்க விரும்பினார் அவர். பிரியேன் என்று சபதம் செய்யவேண்டும் என்றானது. திருவாரூரை மறக்க இயலாத சுந்தரர் இறைவனிடம் என்ன கேட்டார்? "யான் செய்யத்தக்கது யாது?" என்று கேட்கவில்லை. தாம் சபதம் செய்ய வரும்போது கருவறையை விட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளுமாறு வேண்டினார். திட்டம் அவருடையது, இறைவன் இடம் மாறி உதவினால் போதும்! இறைவனும் இசைந்தார். ஆனால் சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சபதம் கேட்கும்படி அறிவித்தருளினார். வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கேயே சபதம் செய்தார். பின்னர் ஆரூர் வசந்த விழாவை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்ணொளியும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். ஒற்றியூர் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடைபெறுகின்றது.

காஞ்சியில் இராமானுசர் கேட்ட முறையோ வேறு. 1017ஆம் ஆண்டில் தோன்றிய அப்பெரியார்க்கு நெஞ்சில் சில ஐயங்கள் இருந்தன. பேரருளாளனுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்து, அவனோடு உரையாடும் பேறு பெற்ற திருக்கச்சி நம்பிகளிடம் அவற்றைத் தீர்த்துவைக்க வேண்டினார். ஐயங்கள் இன்னவை என்று நம்பிகளிடமும் சொல்லவில்லை என்பது குருபரம்பரை மரபு. கேள்வியையே சொல்லாதவர் விடையைத் தம் விருப்பப்படி வளைப்பது எங்ஙனம்? ஆறு வார்த்தைகள் அருளப்பெற்றன. சரணாகதியே உபாயம் என்பது அவற்றுள் ஒன்று. பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றுக என்பது இறுதி வார்த்தை.

கேட்டவுடன் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். அவரைத் தேடி எதிரே வந்த பெரிய நம்பியை மதுராந்தகத்தில் கண்டார். காஞ்சிக்குச் சென்று பெருமாள் திருமுன்பே பஞ்ச சம்ஸ்காரம் செய்யலாம் என்றார் பெரிய நம்பி. இராமானுசர் அவ்வளவும் பொறுக்கவில்லை. ஏரிகாத்த இராமர் கோயிலில், அங்கேயும் ஒரு மகிழமரத்தடியில், அன்றே அது நிறைவேறியது.