ரோமாபுரிக் காசில் பெண் முகம்



கரூர், கோயமுத்தூர்ப் பக்கங்களில் பூமிக்குள்ளிருந்து பழைய ரோமாபுரி வெள்ளிக் காசுகள் குவியலாக அகப்பட்டிருப்பது உங்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் சக்கரவர்த்தியின் காசும் அவற்றில் ஏராளம். அதன் முன்புறம் அவன் தலை. பின்புறம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவள் அவன் தாயார் லிவியா என்று ஆராய்ச்சிக்காரர் பலர் சொல்லுகிறார்கள். ஆனால் அவள் பெயர் அதில் ஓரெழுத்துக்கூட இல்லை. அவளைச் சுற்றிப் பொறித்திருப்பது "தலைமைப் புரோகிதன்" என்கிற மகனுடைய பட்டம்!

இப்படிப்பட்ட காசுகளைக் காட்டி, "அக்காலத்திலேயே பெண்களுக்கு எவ்வளவு கௌரவம் பாருங்கள்" என்று பேசுவோர் உண்டு. அந்தக் கௌரவத்தின் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

திபேரியசுக்குப் பின் வந்த காலிகுலா, 37-38-ல் தன் மூன்று சகோதரிகளையும் ஒரு காசில் பொறித்தான். பெயரும் போட்டான். ஆனால் மனுஷிகளாக அல்ல. காப்பு, ஒற்றுமை, அதிர்ஷ்டம் என்கிற மூன்று தேவதைகளாக. 38-லேயே ஒருத்தி இறந்தாள். 39-ல் மற்ற இருவரையும் நாடு கடத்தினான். தேவதைகளுக்கு நேர்ந்த கதி இது!

அவ்விருவரில் ஒருத்தி அகிரிப்பினா. அவள் திரும்பி வந்து, 49-ல் கிளாடியஸ் சக்கரவர்த்தியை மணந்தாள். 54-ல் அவன் இறக்க, அவள் மகன் நீரோ 16 வயதில் பட்டத்துக்கு வந்தான். அவ்வாண்டுக் காசில் தாயும் மகனும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். முகங்களைச் சுற்றி இருப்பது தாயின் பெயர். மகன் பெயர் பின்புறம் போய்விட்டது. 55-ல் காசு மாறிற்று. மகன் முகம் முன்னே, தாய் முகம் அதன் பின்னே. அவள் பெயரும் பின்புறத்துக்குத் தள்ளப்பட்டது. பிறகு ரோமாபுரிக் காசில் அவள் முகமே இல்லை. 59-ல் மகன் உத்தரவாலேயே கொல்லப்பட்டாள்.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். ரோமாபுரிப் பெண் சொத்து வைத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு ஓட்டு இல்லை, செனட் சபையில் இடம் இல்லை, அரசாங்க உத்தியோகம் இல்லை. முகம் காசில் இருந்த காலத்திலேயே அகிரிப்பினா, அரண்மனையில் கூடிய செனட்டின் பேச்சைத் திரைக்குப் பின்னால் நின்றுதான் கேட்டாள் என்று டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறான். தாய், மனைவி, சகோதரி என்பதற்காகக் கொடுத்த பெருமையை, கொடுத்தவனே ஓர் அச்சை மாற்றிப் பிடுங்கிக் கொள்ள முடிந்தது.

ஆகவே, எந்தத் தேசத்துப் பழம்பெருமையை யார் பேசினாலும், "காசில் முகம் இருந்ததா, கோவிலில் சிலை இருந்ததா?" என்று கேட்டு ஏமாறாதீர்கள். "சபையில் இடம் இருந்ததா?" என்று கேளுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.