வாவு நாளும் விழா நாளும்



நாளை முதல் நான்கு நாள் பள்ளிக்கு விடுமுறை என்று அறிவித்தவுடன் பிள்ளைகள் முகத்தில் தோன்றும் ஒளியை முப்பத்தைந்து ஆண்டுகள் எதிரில் நின்று பார்த்தவன் நான். கணக்குப் பாடத்தை எவ்வளவு சுவையாக நடத்தினாலும் அவ்வொளி தோன்றியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. விடுமுறையும் விழாவும் பள்ளிக்கூடத்திற்குப் பகை அல்ல, அதனோடு உடன்பிறந்தவை. அவற்றைச் சிறு குழந்தைகளோடு கொண்டாடுவது எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று சில நிமிடம் பேச விரும்புகிறேன். உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள். பலர் தாய் தந்தையர் ஆவீர்கள். ஆதலால் இஃது உங்களுக்குப் புறம்பான பொருள் அன்று.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் பிரம்பும் கோதண்டமுமே பலருக்கு நினைவுக்கு வரும். அவை இருந்தன என்பது உண்மைதான். ஆயினும் அங்கே விடுமுறையும் விழாவும் இருந்தன. 1855 ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், தாம் படித்த பள்ளிக்கூடத்தின் நடைமுறைகளை ‘என் சரித்திரம்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார்கள். அக்காலத்து விடுமுறை கிழமையைப் பார்த்து வருவதன்று. வானத்துத் திங்களைப் பார்த்து வருவது. அமாவாசை, பௌர்ணமி முதலிய நாள்களில் பள்ளி இல்லை. அந்நாள்களை ‘வாவு’ என்று வழங்கினர். ‘உவா’ என்னும் பழஞ்சொல்லே பிள்ளைகள் வாயில் வாவு ஆயிற்று. நீங்கள் இன்று ‘லீவு’ என்கிறீர்கள். வாவுக்கும் லீவுக்கும் ஓசை ஒத்திருப்பது தற்செயல். அதைக் கொண்டு மொழியாராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள்.

அப்பள்ளிகளில் மற்றொரு வழக்கமும் இருந்தது. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரையோ, பறவையின் பெயரையோ, ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறவாமல் வந்து சொல்லவேண்டும். எழுதுவதற்கு ஏடு வேண்டா, விளக்கு வேண்டா, செலவும் இல்லை. ஒரு சொல்லை இரவு முழுவதும் நெஞ்சில் சுமந்து செல்வதே வீட்டுப்பாடம்! நான் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது படித்த உளவியல் நூல்களையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு இதனினும் பொருத்தமான வீட்டுப்பாடத்தை எந்த நூலிலும் நான் கண்டதில்லை. இதைப் பற்றிப் பின்னும் சொல்லவேண்டியிருக்கிறது.

குழந்தை முதன்முதல் சுவடி பிடிக்கும் நாளுக்குப் பழந்தமிழில் ஓர் அழகிய பெயர் உண்டு. மையாடல் விழா என்பது அது. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்கு நன்றாகப் புலப்படாது. கரியும் பச்சிலைச் சாறும் கூட்டி ஓலையின்மேல் தடவித் துடைத்தால், கீறலுக்குள் மை தங்கும், எழுத்துத் துலங்கும். அவ்வாறு மையாடிய சுவடியைக் குழந்தையின் கையில் கொடுப்பதே விழா. இன்று விஜயதசமி நாளில் நெல்லிலோ அரிசியிலோ குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதச் செய்கிறோம். அந்நாளில் பள்ளிகளைத் திறந்து வைத்துச் சேர்க்கையும் நடத்துகிறோம். பெயர் மாறினாலும் விழா ஒன்றே. தொடங்குவதைக் கொண்டாடினார்கள் நம் முன்னோர்.

இக்காலத்தில் வேறொரு விழா பரவி வருகிறது. மழலையர் வகுப்பை முடித்த ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கறுப்பு அங்கி அணிவித்து, சதுரத் தொப்பி வைத்து, கையில் சுருள் தாள் கொடுத்துப் ‘பட்டமளிப்பு’ நடத்துகிறார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. பங்குனி வெயிலில் அங்கிக்குள் வேர்த்து நிற்கும் குழந்தைக்கு எப்படியிருக்கிறதோ, அறியேன். ஐந்து வயதில் எதை முடித்துவிட்டோம் என்று பட்டம் தருகிறோம்? அங்கிக்கு வாடகை, புகைப்படத்திற்குக் கட்டணம் என்று பெற்றோரிடம் தொகை கேட்கும் இடங்களும் உண்டு. அத்தகைய ஒரு விழா நாளில், எங்கள் தெருவில் ஒரு சிறுமி வாயிற்படியில் தனியே அமர்ந்து பாண்டிக்கல் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். “ஏன் அம்மா, பள்ளிக்குப் போகவில்லையா?” என்றேன். “இன்றைக்குப் பணம் கட்டியவர்களுக்கு மட்டுந்தான் பள்ளி, தாத்தா” என்று விடை கூறினாள். அவள் குரலில் துயரம்கூட இல்லை. மழை பெய்தது என்று சொல்வதைப்போலச் சொன்னாள். அதுதான் என் நெஞ்சை உறுத்தியது.

பழங்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தன என்று நான் சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளியின் பெருவிழா நவராத்திரியில் வருவது. மகாநோன்பு என்ற சொல் திரிந்து ‘மானம்பூ’ என்றாயிற்று. பிள்ளைகள் நல்லாடை உடுத்து, கையில் கோல் ஏந்தி, கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு, ஆசிரியரோடு வீடு வீடாகச் செல்வார்கள். வீட்டார் உபாத்தியாயருக்குப் பணமும் பிறவும் கொடுத்து உபசரிப்பார்கள். மாதச் சம்பளம் சரிவரக் கிடைக்காத அந்நாளில் ஏழை ஆசிரியருக்கு இது பெரிய வருவாய். விழாவுக்குப் பல நாள் முன்பிருந்தே பாட்டுப் பயிற்சி நடக்கும். தம் பிள்ளை என்ன கற்றான் என்பதை ஊரார் தம் வீட்டு வாயிலிலேயே கண்டார்கள். குழந்தை அவ்விழாவில் வேடிக்கை பார்ப்பவன் அல்லன். அவனே ஆடினான், அவனே பாடினான். இது அதன் சிறப்பு. ஆனால் அந்த ஊர்வலம் எல்லாத் தெருவுக்கும் போயிற்றா? எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதில் இருந்தார்களா? இல்லை. பல சாதிப் பிள்ளைகள் அத்திண்ணையில் ஏறியதே இல்லை. பெண் குழந்தைகளும் மிகச் சிலரே. கோலாட்டத்தின் ஓசையை அவர்கள் தொலைவிலிருந்து கேட்டிருப்பார்கள்.

நான் வாழும் வடலூருக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. இராமலிங்க அடிகளார் 1867 மே 23 ஆம் நாள் இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, சாதியும் ஊரும் கேளாமல் பசித்தவர்க்கெல்லாம் உணவளிக்கச் செய்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சிறுவரோடு முதியவரும் அமர்ந்து தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்கும்பொருட்டு ‘சன்மார்க்க போதினி’ என்னும் பாடசாலையையும் 1872 இல் அவர் ஏற்படுத்தினார். அதே ஆண்டு தைப்பூசத்தன்று ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. 2021 முதல் தைப்பூசம் தமிழ்நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை நாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கோ அதற்கு முன்பும் அது பெருநாள்தான். ஏழு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிச் சோதி தோன்றுவதைத் தந்தையின் தோள்மேல் அமர்ந்து பார்க்காத குழந்தை எங்கள் பக்கத்தில் அரிது.

நான் பணியாற்றிய பள்ளியில் தைப்பூசத்திற்கு முன் பிள்ளைகள் வீட்டிலிருந்து அரிசி கொண்டுவந்து ஒரு பானையில் இடுவதுண்டு. அதைத் தருமச்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். ஒரு விதி மட்டும் வைத்திருந்தோம். அவரவர் கைப்பிடி அளவே இடவேண்டும். அதற்குமேல் ஒரு மணியும் கூடாது. அரிசி மண்டிக்காரர் மகன் ஒருவன் ஒரு பை நிறையக் கொண்டுவந்து, பானையில் ஒரு பிடி இட்டுவிட்டு, மீதியை வீட்டுக்கே தூக்கிச் சென்றான். அவன் தந்தை மறுநாள் வந்து என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். இரண்டாம் வகுப்பில் கை சிறியது, ஐந்தாம் வகுப்பில் சற்றுப் பெரியது. வேற்றுமை அவ்வளவுதான் என்றேன். அவர் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

இனிக் கோடை விடுமுறைக்கு வருவோம். வடலூரைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டில் முந்திரித் தோப்புகள் மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். மாசி முதல் வைகாசி வரை முந்திரி பழுத்து உதிரும் காலம். பள்ளி மூடுவதும் அப்போதுதான். நகரத்துப் பிள்ளை பாட்டி வீட்டுக்கோ மலையூருக்கோ போகும்போது, இங்கே பல பிள்ளைகள் விடியற்காலையில் தாயோடு தோப்புக்குச் சென்று கொட்டை பொறுக்குவார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் காரமான எண்ணெய் ஒன்று இருக்கிறது, தோலில் பட்டால் புண்ணாகும், கறுத்து உரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாளன்று, “விடுமுறையில் எந்த ஊருக்குப் போனீர்கள்? என்ன வாங்கினீர்கள்? எழுந்து சொல்லுங்கள்” என்று கேட்பது ஆசிரியர்களின் வழக்கம். நல்ல எண்ணத்தோடு கேட்பதுதான். ஆனால் அக்கேள்வியைக் கேட்டவுடன் சில பிள்ளைகள் கைகளைப் பலகைக்கு அடியில் ஒளித்துக்கொள்வார்கள். அந்த விரல்களை நீங்கள் பார்த்ததுண்டா? தீபாவளிக்கு மறுநாள் புத்தாடையைப் பற்றிக் கேட்பதும் இத்தகையதே. பொதுமக்கள் தந்த பொருளைக்கொண்டு பள்ளிகளுக்குச் சீருடையும் கரும்பலகையும் சேர்த்த சீரமைப்பு மாநாடுகள், காமராசர் ஆட்சிக் காலத்தில், 1958 முதல் ஊர்தோறும் நடைபெற்றன. உடையால் வேற்றுமை தோன்றலாகாது என்று அவ்வளவு பேர் உழைத்திருக்க, அதை ஒரு கேள்வியால் நாம் மீண்டும் உள்ளே அழைத்துவரலாமா?

பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுக்க இயன்ற குழந்தை கொடுக்கிறது. இயலாத குழந்தை அன்று பள்ளிக்கு வருவதில்லை. இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். முற்காலத்தில் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்று கேட்கும் வழக்கம் இல்லை. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்தது என்பது கணக்கு. காது எட்டியவுடன் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். ஆகவே உங்கள் தாத்தா பாட்டிமார் பலருக்கு, பதிவேட்டின்படி, மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோதான் பிறந்தநாள் வரும். ஊரிலுள்ள அத்தனைபேரும் கோடையிலேயே பிறந்தார்களோ என்று ஐயுறவேண்டா! எங்கள் பள்ளியில் மாதத்தின் இறுதி வெள்ளியன்று, அம்மாதத்தில் பிறந்தவர் அனைவரையும் சேர்த்து நிற்க வைத்து வாழ்த்துவோம். மிட்டாய் கிடையாது. அவர்கள் சேர்ந்து ஒரு செடிக்குத் தண்ணீர் விடுவார்கள், பிறகு விளையாட்டு.

நவம்பர் 14 குழந்தைகள் நாள். ஜவாஹர்லால் நேரு பிறந்த நாள் அது. 1956 இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானதும் அதே தேதியில்தான். மறு ஆண்டு மே மாதம் நேருவே வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆகையால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்நாளைப் பற்றிச் சொல்ல இரண்டு கதைகள் உண்டு. ஆனால் பல பள்ளிகளில் நடப்பது என்ன? பெரியவர்கள் பந்தலில் அமர்ந்து பேசுகிறார்கள்; குழந்தைகள் வெயிலில் அமர்ந்து கைதட்டுகிறார்கள். மானம்பூவின் பிள்ளைகளாவது ஆடிப் பாடினார்கள்! அந்நாளில் பேச்சே கூடாது என்பது என் கட்சி. பந்தல் போட்டால் அதற்குள் குழந்தைகள் அமரட்டும். பெரியவர்கள் வெளியே நிற்கட்டும். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புளியங்கொட்டையை நாணயமாக வைத்துச் சந்தை நடத்துவார்கள். கீரை, களிமண் பொம்மை, காகிதக் காற்றாடி எல்லாம் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் இருபது கொட்டை. யாருக்கும் கூடுதல் இல்லை. பேரம் பேசுவதில் பெண்பிள்ளைகளை வெல்ல நம்மால் ஆகாது.

முன்னே சொன்ன அந்தச் சொல் வழக்கத்துக்கு மீண்டும் வருகிறேன். விடுமுறைக்குப் பின் ‘எங்கே போனாய்?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளத் தொடங்கினோம். பழைய உபாத்தியாயர் சொல்லைக் கொடுத்தனுப்பினார். நாங்கள் சொல்லைக் கொண்டுவரச் சொன்னோம். ஒருவன் ஒரு மரத்தின் பெயர், ஒருத்தி ஒரு கருவியின் பெயர், வேறொருவன் ஓர் ஊரின் பெயர். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு, வகுப்பில் எவரும் அறியாத ஒரு பெயரைக் கொண்டுவரவேண்டும். குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் வீட்டிலிருந்து வந்த பெண் தறியின் உறுப்புகளாக ஆறு சொற்களைக் கொண்டுவந்தாள். ஒன்றுதானே கேட்டோம் என்றதற்கு, தாத்தா நிறுத்தவில்லை என்றாள். தோப்பில் முந்திரி பொறுக்கிய பையன் பழத்தைத் திருகிக் கொட்டையைப் பிரிக்கும் வகையைக் கைச்செய்கையோடு விளக்கினான். அன்று அவன் கைகள் பலகைக்கு மேலேயே இருந்தன.

நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தான். பொங்கல் விடுமுறைக்கு அவனுக்கு ஓர் ஊரின் பெயர் என்று சொல்லியிருந்தோம். திரும்பி வந்த நாளன்று அவன் எழுந்து, “பூரி” என்றான். வகுப்பே சிரித்துவிட்டது. ஒருவன், “கிழங்கோடா?” என்று கேட்டான். சிறுவன் கலங்கவில்லை. சுவரிலிருந்த இந்தியப் படத்தருகே சென்று, கீழ்க்கரை ஓரமாக விரலை வைத்துத் தேடினான். அவனுக்கு உயரம் எட்டவில்லை. முன்வரிசையிலிருந்து இருவர் எழுந்து ஓடிப்போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஏறி நின்று கடலோரத்தில் அந்த ஊரைக் காட்டினான். அன்று இரண்டாம் பாடவேளை முழுவதும் நாங்கள் அந்தப் படத்தருகிலேயே இருந்தோம்.