செண்பகக் கன்று வளர்ப்போம்



நாம் செண்பகம் என்று அழைக்கும் மரத்தை மலாய்க்காரர்கள் சம்பாக்கா என்கிறார்கள். இரண்டு பெயருக்கும் மூலம் ஒன்றே. ஆண்டு முழுவதும் பசுமை மாறாத இம்மரம், வளர்ந்தபின் 100 அடி உயரமும் எட்டக்கூடியது. ஆனால் கன்றுப் பருவத்தில் மிக மென்மையானது. "ஆசையாக நட்டோம், பட்டுப்போயிற்று" என்று வருந்துவோர் பலர். பழைய விதை, உச்சி வெயில், தேங்கும் நீர் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

முதலில் விதையைப் பார்ப்போம். பால்மர விதை சில நாள் கிடந்தாலே முளைப்புத் திறனை இழக்கும் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியும். 1876-ல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. செண்பக விதையும் அத்தகையதே. காய் வெடித்துச் சிவப்புச் சதையுடன் விதை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். மணலோடு சேர்த்துத் தேய்த்துச் சதையைக் கழுவி, அன்றே விதைப்பது நல்லது. காய வைத்தல் கூடாது.

மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்த பிளாஸ்டிக் பையில் அரை அங்குல ஆழத்தில் விதையுங்கள். முளைக்கச் சில வாரங்கள் ஆகும். இரண்டு மூன்று மாதங்கள் ஆவதும் உண்டு. பொறுமை இழந்து பையைக் கொட்டிவிடாதீர்கள். முளைத்த கன்றுக்குக் கீற்று நிழல் தேவை. பிறகு கீற்றைச் சிறிது சிறிதாக விலக்கி, வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது, எளிதில் ஒடியும். ஆகவே நடும்போது பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள். மழைநீர் தேங்கும் இடமானால், மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருவோம். விதைக்கன்று பூப்பதற்கு எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்றோ இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும். தோட்டத்து வீடு நிரந்தரமல்ல. செம்பனைக்காகவும் வீடமைப்புக்காகவும் பல தோட்டங்கள் மாறிப்போனதைக் கண்டவர்கள் நாம். எனவே வீட்டு வாசலுக்கு ஒட்டுக்கன்றே ஏற்றது. அடியில் துளையிட்ட பெரிய தொட்டியில் வைத்து, நுனியைக் கிள்ளி விட்டால் தாழ்வாகவே வளரும். வீடு மாறினால் கூடவே எடுத்துச் செல்லலாம். தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் நீரை வாரம் ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்; இல்லாவிட்டால் டிங்கிக் கொசு அங்கே முட்டையிடும்.

விதைக்கன்றை லயன் வீட்டுக் கூரையை ஒட்டி நடாதீர்கள். கிளை கூரையில் இடிக்கும். வேர் கால்வாயைக் கெடுக்கும். கோயில் திடல், பள்ளி மூலை போன்ற விரிந்த இடமே அதற்கு உகந்தது. ஆனால் நிலம் யாருடையது, மரம் நிலைக்குமா என்று நிர்வாகத்தைக் கேட்டறிந்த பின்னரே நடுங்கள். பத்தாண்டு வளர்த்த மரத்தை வெட்டக் காண்பது வேதனை.

பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பையைக் கொடுத்து நீர் ஊற்றச் சொல்லுங்கள். நட்டவர் பறிக்காவிட்டாலும், அடுத்து வருபவர் பறிப்பார்.